இடது கைக்கும் வேலை கொடுங்கள்

பியானோவோ கீபோர்டோ கற்றுக்கொள்ள நினைக்கும் யாருக்கும் நான் சொல்ல விரும்புவது ஒன்றே ஒன்றுதான். பத்து வயதுப் பிள்ளையாக இருக்கட்டும், என்னைப் போலப் பென்ஷன் வாங்குகிறவராக இருக்கட்டும், முதல் நாளிலிருந்தே இடது கைக்கு வேலை கொடுங்கள். ஒரே ஒரு விரலுக்காவது கொடுங்கள். வலது கையில் பத்துப் பாட்டு வரட்டும், இடது கையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் அந்தப் 'பிறகு' பெரும்பாலும் வருவதில்லை.

இதைச் சொல்ல உனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். நான் இசைக் கலைஞன் இல்லை. தென்காசியில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். 62 வயதில் கீபோர்டு முன்னால் உட்கார்ந்தேன். ஆலயத்தில் ஆர்கன் வாசிக்கும் ஒரு தம்பி வாரம் இரண்டு நாள் வந்து சொல்லிக் கொடுக்கிறார். நான்கு வருஷத்தில், தாளைப் பார்த்து, இரண்டு கையாலும், மெதுவாகச் சில சின்ன உருப்படிகள் வாசிக்கும் அளவுக்கு வந்திருக்கிறேன். பாடம் எங்கே கால் இடறும் என்பது மேடை ஏறியவர்களுக்கு மறந்துபோயிருக்கும். எனக்கு இன்னும் மறக்கவில்லை. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

பியானோ என்று தலைப்பில் ஆசைப்பட்டாலும் நம் ஊர்ப் பக்கம் வீட்டில் நிஜப் பியானோ வைத்திருப்பவர்கள் அபூர்வம். அதற்குக் காசு மட்டும் காரணம் இல்லை. பியானோ என்பது 88 கட்டைகளும் இருநூறுக்கு மேற்பட்ட எஃகுக் கம்பிகளும் கொண்ட ஒரு மரப்பெட்டி. கட்டையை அழுத்தினால் உள்ளே கம்பளி ஒட்டிய சின்னச் சுத்தியல் எழும்பிக் கம்பியைத் தட்டும். குற்றாலத்தில் சாரல் கட்டினால் ஆனி, ஆடியில் தென்காசி வீடுகளில் அலமாரித் துணியே நமுத்துப்போகிறது. அந்த ஈரத்தில் மரம் ஊதும், கம்பளி நனையும், கம்பி துருப்பிடிக்கும். சுருதி சேர்க்க ஆள் வெளியூரிலிருந்து வரவேண்டும். ஆகவே நமக்கு 61 கட்டை எலெக்ட்ரானிக் கீபோர்டுதான் கதி. அதில் தவறொன்றும் இல்லை. முழு அளவுக் கட்டையாகவும், அழுத்தத்துக்குத் தக்கபடி சத்தம் கூடிக் குறைவதாகவும் இருந்தால் தொடக்கப் பாடத்துக்கு அது போதும். இடம் பொருள் ஏவல் இருந்தால் 88 கட்டை டிஜிட்டல் பியானோ வாங்கலாம். கட்டை கனமாக, நிஜப் பியானோவைப் போலவே இருக்கும்.

பிரச்சினை பெட்டியில் இல்லை, அதை வாசிக்கும் பழக்கத்தில் இருக்கிறது. நம் ஊர்களில் நடக்கும் பல கீபோர்டு வகுப்புகளைப் பாருங்கள். பிள்ளை வலது கையால் பாட்டின் மெட்டை வாசிக்கும். இடது கை மடியில் கிடக்கும், அல்லது ஓரத்தில் ஏதோ ஒரு கட்டையை அமுக்கிக்கொண்டிருக்கும். அமுக்கிய உடனே பெட்டி தானாகவே டிரம்ஸ் அடிக்கும், பேஸ் போடும், கிடாரும் சேர்த்துக்கொள்ளும். கேட்பவருக்கு ஒரு முழு ஆர்க்கெஸ்ட்ராவே வாசிப்பது போல இருக்கும். மூன்றே மாதத்தில் பிள்ளை சினிமாப் பாட்டு வாசிக்கிறது என்று தாத்தா பாட்டிக்குக் கண் கலங்கும். உண்மையில் பாதியை வாசித்தது பெட்டி.

இந்த ஒற்றைக்கைப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கு அகப்பட்ட விடை ஆர்மோனியம்.

பாரிஸில் அலெக்ஸாந்தர் டெபேன் என்பவர் 1840ல் ஆர்மோனியத்துக்குக் காப்புரிமை பெற்றபோது அதன் துருத்தியை மிதிப்பது காலின் வேலை. இரண்டு கையும் கட்டைகளுக்குத்தான். அந்தக் கருவி நம் நாட்டுக்கு வந்ததும் அதன் உருவம் மாறியது. நாம் தரையில் சம்மணம் போட்டு உட்காருகிறவர்கள். கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் போன்றவர்கள் துருத்தியைப் பெட்டியின் பின்பக்கம் வைத்துக் கையால் இயக்கும்படி செய்தார்கள். தூக்கிக்கொண்டு போகலாம், பாயில் உட்கார்ந்து வாசிக்கலாம். அருமையான ஏற்பாடு. ஆனால் காலின் வேலை இடது கைக்கு வந்தது. கட்டைகள் பெரும்பாலும் வலது கைக்கு மட்டுமாகிவிட்டன.

அதனால் கலை ஒன்றும் குறைந்துவிடவில்லை. நம் மாவட்டத்துச் செங்கோட்டையில் 1906ல் பிறந்து, 1933லேயே மறைந்துவிட்ட எஸ்.ஜி. கிட்டப்பா நாடக மேடையில் பாடியபோது, அவருடைய அண்ணன் காசி ஐயர்தான் ஆர்மோனியம் வாசித்தார். பாடகர் எங்கே பறந்தாலும் பின்னாலேயே போய்ப் பிடிக்க வேண்டும். அதற்கு வலது கையும் கூரிய காதும் போதும். 1940லிருந்து 1971 வரை அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தையே தள்ளிவைத்திருந்தது. நம் இசையின் கமகம், அதாவது ஒரு சுரத்தை அசைத்து இழைக்கும் அழகு, கட்டையில் வராது என்பது அன்று சொல்லப்பட்ட முக்கியக் குறை. வானொலி கதவைச் சாத்தினாலும் நாடகக் கொட்டகையிலும் பஜனை மடத்திலும் ஆலயத்திலும் பெட்டி ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. ஆகவே 'பெட்டி வாசிக்கிறது' என்றாலே வலது கை என்பது நம் கண்ணில் பதிந்த காட்சி.

அப்புறம் கீபோர்டு வந்தது. அதில் துருத்தி இல்லை. இடது கைக்கு விடுதலை கிடைத்துவிட்டது. ஆனால் விடுதலையான கைக்கு யாரும் புது வேலை கொடுக்கவில்லை. அந்த இடத்தைப் பெட்டிக்குள் இருக்கும் இயந்திரம் பிடித்துக்கொண்டது.

நம் ஊரில் இடது கைக்கு மரியாதை குறைவு என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். பீச்சாங்கையால் கொடுக்காதே, வாங்காதே என்று அடி வாங்கி வளர்ந்தவர்கள் நாம். ஆனால் நம் சங்கீதம் அப்படி ஒருநாளும் நினைத்ததில்லை. வீணையில் மீட்டுவது வலது கை, கமகத்தைப் பேசவைப்பது இடது கை. வயலினிலும் அப்படியே. மிருதங்கத்தில் இடந்தலையின் கும்கி இல்லாவிட்டால் அது வெறும் தட்டல். கோயில் கொடை வில்லிசையில் குடம் அடிப்பவரைக் கவனித்திருக்கிறீர்களா? இரண்டு கையும் இரண்டு வேலை செய்யும். இத்தனை கருவிகளில் இடது கையைக் கொண்டாடிவிட்டு, கட்டை வைத்த கருவியில் மட்டும் அதை மடியில் போட்டு உட்காருவது என்ன நியாயம்?

பியானோவின் உயிரே இரண்டு கைகளில்தான் இருக்கிறது. இத்தாலியில் பார்த்தலோமியோ கிறிஸ்தோஃபோரி 1700ஐ ஒட்டி அதை உருவாக்கியபோது, மென்மையாகவும் வலுவாகவும் ஒலிக்கக்கூடியது என்பதுதான் அதன் பெயருக்கே காரணம். ஒரு கை மென்மையாகவும் மறு கை அழுத்தமாகவும் பேசலாம். ஒரு கை கேள்வி கேட்க மறு கை பதில் சொல்லலாம். இது நமக்குப் புரியாத விஷயமும் இல்லை. இளையராஜா பாட்டு எதையாவது போட்டு, பாடகரை விட்டுவிட்டு, அடியில் ஓடும் பேஸ் கிடாரை மட்டும் காதால் பின்தொடர்ந்து பாருங்கள். அங்கே இன்னொரு பாட்டு நடந்துகொண்டிருக்கும். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு இசையைப் பாடமாகக் கற்றவர் அவர். மேலே ஒரு மெட்டு, கீழே ஒரு மெட்டு, இரண்டும் சேர்ந்து மூன்றாவதாக ஓர் உணர்ச்சி. பியானோவில் அந்தக் கீழ் மெட்டுத்தான் இடது கை.

இடது கைக்கு எவ்வளவு முடியும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர் வியன்னாவின் பியானோ கலைஞர் பால் விட்கன்ஷ்டைன். அவர் வாசிப்பதற்கென்றே பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெல் இடது கைக்கு மட்டுமாக ஒரு முழு கான்செர்ட்டோ எழுதிக் கொடுத்தார். 1932ல் அது அரங்கேறியது. கண்ணை மூடிக் கேட்டால் ஒரே கை என்று சத்தியம் செய்தாலும் நம்பமாட்டீர்கள். ஐந்து விரலுக்கு அவ்வளவு முடியுமென்றால் நம் பிள்ளையின் இடது கையை மூன்று கட்டையிலாவது நடக்கவிடலாம்.

இதையெல்லாம் இவ்வளவு அழுத்தி எழுதுவதற்குக் காரணம் ஒரு சின்னப் பெண். என் நண்பர் ஒருவரின் பேத்தி, வயது பத்து. இரண்டு வருஷம் வகுப்புக்குப் போனாள். வீட்டில் ஆறு பாட்டு ஜோராக வாசிப்பாள். ஒரு விழாவில் வாசிக்க மேடை ஏற்றினார்கள். அங்கே இருந்தது வேறு கம்பெனிக் கீபோர்டு. அவள் பழகிய ரிதம் அதில் இல்லை. எந்தப் பொத்தானை அமுக்குவது என்றும் தெரியவில்லை. தாளம் இல்லாமல், பேஸ் இல்லாமல், ஒற்றைக் கை மெட்டு மட்டும் அந்தப் பெரிய ஹாலில் ஒல்லியாகக் கேட்டது. நாலு வரி வாசித்தாள், நிறுத்தினாள், இறங்கி வந்துவிட்டாள். அதற்குப் பிறகு பல மாதம் கீபோர்டு உறை கழற்றப்படவே இல்லை.

"ரெண்டு வருஷம் பீஸ் கட்டியாச்சு அண்ணாச்சி. இவளுக்கு மியூசிக் வராது போல" என்றார் நண்பர். அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பெண்ணுக்கு மெட்டு காதில் நிற்கிறது, விரல் ஓடுகிறது. இசை வராத பிள்ளை இல்லை அவள். பாதிப் பாடம் மட்டும் சொல்லித்தரப்பட்ட பிள்ளை. மீதிப் பாதியைப் பெட்டி பார்த்துக்கொண்டது. பெட்டி மாறியதும் அவள் தனியாக நின்றாள். பத்து வயதில் 'உனக்கு வராது' என்று காதில் விழுந்த சொல் ஐம்பது வயது வரை கூடவே வரும். என்னோடு வேலை பார்த்தவர்களிலேயே அப்படி ஒரு சொல்லைச் சுமந்துகொண்டு, பாட்டு என்றாலே ஒதுங்கிப் போனவர்கள் உண்டு. பணம் போனால் போகட்டும், இது போனால் திரும்பி வருவது கஷ்டம்.

ஆசிரியர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. "சார், மூணு மாசத்துல பாட்டு வரலைன்னா அப்பா அம்மா வகுப்பை மாத்திடுறாங்க" என்று ஓர் ஆசிரியர் என்னிடமே சொன்னார். உண்மைதான். அதனால் பாட்டே சொல்லித்தராதீர்கள் என்று நான் கேட்கவில்லை. அதே பாட்டுக்கு இடது கையில் ஒரு சட்ஜமாவது பிடிக்கச் சொல்லுங்கள் என்கிறேன். பொத்தானை அணைத்துவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள் என்கிறேன்.

எலெக்ட்ரானிக் கீபோர்டே ஒரு தனிக் கருவி, அதில் இயந்திரத் துணை வாசிப்பும் ஒரு திறமைதானே என்றும் சொல்வார்கள். ஒப்புக்கொள்கிறேன். லண்டன் டிரினிட்டி காலேஜ் தேர்வுகளில் பியானோவுக்கு ஒரு பாடத்திட்டமும் எலெக்ட்ரானிக் கீபோர்டுக்கு வேறு பாடத்திட்டமும் தனித்தனியாகவே இருக்கின்றன. எதைக் கற்கிறோம் என்று தெரிந்து கற்றால் சரி. பியானோ என்று நினைத்துப் பணம் கட்டிவிட்டுப் பொத்தான் அமுக்கக் கற்றுக்கொண்டு வருவதுதான் வருத்தம்.

இன்னொரு கேள்வியை என் வயதுக்காரர்கள் கேட்கிறார்கள். "நம்ம சங்கீதத்துக்கு எதுக்குய்யா ரெண்டு கை? நமக்கு ராகம்தானே?" இவர்களுக்கு நான் ஆபிரகாம் பண்டிதரை நினைவூட்டுவேன். 1859ல் நம் சுரண்டைக்குப் பக்கத்துச் சாம்பவர் வடகரையில் பிறந்து, தஞ்சாவூரில் வாழ்ந்து, 1917ல் 'கருணாமிர்த சாகரம்' என்ற மாபெரும் நூலை வெளியிட்டவர். தமிழிசையின் சுருதிக் கணக்குக்காக ஆயுளையே கொடுத்த அந்த மனிதர் மேல்நாட்டு இசையைக் கண்டு ஒதுங்கவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஆராய்ந்தார். நம் ஊர்க்காரருக்கு இல்லாத பயம் நமக்கு எதற்கு?

சரி, தொடங்குவது எப்படி? என் தலைமுறைக்கு இதற்கு ஒரு முன் அனுபவம் உண்டு. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு போய் லோயர், ஹையர் பாஸ் பண்ணினோமே, அங்கே முதல் பாடம் என்ன? இடது கைக்கு ஏ எஸ் டி எஃப், வலது கைக்கு செமிகோலன் எல் கே ஜே. முதல் வரியிலேயே இரண்டு கையும். 'முதலில் வலது கையால் ஒரு கடிதம் அடி, இடது கையை அடுத்த வருஷம் பார்ப்போம்' என்று எந்த மாஸ்டரும் சொன்னதில்லை. இடது சுண்டுவிரல் வலுவில்லாமல் அடித்தால் ஏ மட்டும் தாளில் மங்கலாக விழும், மாஸ்டர் ஸ்கேலால் தட்டுவார். பியானோவிலும் அதே கதைதான். வலுவில்லாத விரலின் சுரம் மங்கலாக விழும். ஸ்கேல் அடி மட்டும் கிடையாது.

என் தம்பி, அதாவது என் ஆசிரியர், எனக்குச் சொல்லித்தந்த வரிசையைச் சொல்கிறேன். இரண்டு கையிலும் கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5. 61 கட்டைக் கீபோர்டில், இரட்டைக் கறுப்புக் கட்டைகளுக்கு ஒட்டி இடப்பக்கம் இருக்கும் வெள்ளைக் கட்டைதான் 'சி', நம் கணக்கில் ஒரு கட்டைச் சுருதி. இடமிருந்து மூன்றாவது 'சி'யில் இரண்டு கட்டைவிரலையும் ஒன்றாக வையுங்கள். அங்கிருந்து வலது கை மேலே ச ரி க ம ப என்று போகட்டும், இடது கை கீழே ச நி த ப ம என்று இறங்கட்டும். இரண்டு கையிலும் ஒரே நேரத்தில் ஒரே விரல்: 1, 2, 3, 4, 5. ஒரு கை ஆரோகணம், ஒரு கை அவரோகணம். கண்ணாடியில் பார்ப்பது போல இருப்பதால் மூளை குழம்பாது. முதல் நாளே யாருக்கும் வரும்.

அடுத்தது சுருதிப் பெட்டி வேலை. இடது கையை ஒரு ஸ்தாயி கீழே கொண்டுபோய்ச் சுண்டுவிரலைச் சட்ஜமத்திலும் கட்டைவிரலைப் பஞ்சமத்திலும் வைத்து அமுக்கிப் பிடியுங்கள். வலது கையில் சரளி வரிசை வாசியுங்கள். மாயாமாளவகௌளைக்கு இரண்டு கறுப்புக் கட்டை வேண்டியிருக்கும். அதனால் தொடக்கத்தில் வெள்ளைக் கட்டைகளிலேயே நிற்கும் சங்கராபரணத்தில் வாசித்தால் போதும். தம்புராவும் பாட்டும் உங்கள் இரண்டு கையிலிருந்தே வருவதைக் கேட்கும்போது ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள், அதை எந்தப் பொத்தானும் தராது.

அது பழகியதும் மூன்று பிடிகள். ச க ப, ச ம த, கீழ் நிஷாதத்தோடு நி ம ப. முதல் பிடிக்கு விரல் 5, 3, 1. மற்ற இரண்டுக்கும் 5, 2, 1. கை ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்கும், விரல்தான் ஒரு கட்டை நகரும். எளிய பாடல்கள் எத்தனையோ இந்த மூன்று பிடிக்குள் அடங்கிவிடும். கூடவே தாளில் இருக்கும் ஐந்து கோட்டு எழுத்தை ஒரு நாளைக்கு இரண்டு சுரம் என்று படித்து வாருங்கள். ஹங்கேரியின் பேலா பார்த்தோக் தொடக்கக்காரர்களுக்காகத் தொகுத்த 'மிக்ரோகோஸ்மோஸ்' வரிசையில் 153 உருப்படிகள் உண்டு. அதன் முதல் சில பாடங்களில் இரண்டு கையும் ஒரே மெட்டை வாசிக்கும். அவ்வளவு பெரிய மேதையே முதல் பக்கத்தில் இடது கையை ஓய்வெடுக்கச் சொல்லவில்லை.

பயிற்சி தினம் இருபது நிமிஷம் போதும். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக இரண்டு மணி நேரம் உட்காருவதைவிட அது பலன் தரும். வேகம் வேண்டாம். இரண்டு கையும் சேரும்போது தடுக்கினால் இன்னும் மெதுவாக, ஒவ்வொரு சுரத்துக்கும் மூச்சு விட்டு வாசியுங்கள். என் இடது மோதிர விரல் காலையில் மடங்க மறுக்கும். வெந்நீரில் ஐந்து நிமிஷம் கையை வைத்துவிட்டு உட்காருவேன். வலி இருந்தால் அன்று வாசிப்பதில்லை. வயதானவர்கள் விரலோடு சண்டை போடக் கூடாது, சமாதானமாகப் போகவேண்டும்.

நண்பரின் பேத்தி இப்போது சில ஞாயிறுகளில் என் வீட்டுக்கு வருகிறாள். நான் சொல்லிக்கொடுப்பதில்லை, அந்த உரிமை எனக்கு இல்லை. அவள் இடது கையில் ச ப பிடிப்பாள், நான் மேலே வாசிப்பேன். பிறகு இடம் மாறிக்கொள்வோம். போன வாரம், "தாத்தா, இது ரிதம் போடாமலே நல்லா இருக்கே" என்றாள். அவள் தொடர்வாளா என்று எனக்குத் தெரியாது. ஆனால் தனக்கு வராது என்று அவள் இப்போது சொல்வதில்லை.

பிள்ளையை வகுப்பில் சேர்க்கப் போகும் பெற்றோர்களே, நீங்களே சேரப் போகும் பெரியவர்களே, எந்தக் கம்பெனிக் கீபோர்டு, எத்தனை மாதத்தில் எத்தனை பாட்டு என்று கேட்பதற்கு முன்னால் ஆசிரியரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இடது கையை எப்போது ஆரம்பிப்பீர்கள்?" முதல் வகுப்பிலேயே என்று சொன்னால் தயங்காமல் பணத்தைக் கட்டுங்கள். அதற்கு ரிதம் பொத்தான் இருக்கிறதே என்று சொன்னால், கும்பிடு போட்டுவிட்டு அடுத்த வகுப்பைத் தேடுங்கள்.